டென்னிஸில் ஸ்பெயினின் அல்கராஸ், இத்தாலியின் சின்னர் இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர்? அடுத்து வருகிறவர்களில் யாரை நம்பலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சின்னர் கட்சி. ஆனாலும் கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில் அல்கராஸ்தான். ஏன் என்று கேட்டால் 2025 ஜூன் 8ஆம் திகதி இரவில் இருந்து தொடங்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஜூன் மாதம் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், மழை பிடித்தால் நாலு நாளைக்கு விடாது. பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டம் நம் நேரத்துக்கு மாலை ஆறரைக்கு மேல் தொடங்கியது. வீட்டில் நான், ஆட்டோ ஓட்டும் என் கூட்டாளி (அல்கராஸ் வெறியன்), அப்புறம் அம்மா. அம்மாவுக்கு ஆட்டம் விளங்காது, அந்தப் பிள்ளை சத்தம் போடாமல் விளையாடுகிறது என்பதற்காகச் சின்னர் பக்கம். ஐந்து செட்டில் மூன்றை எடுப்பவருக்கு வெற்றி. முதல் இரண்டு செட்டும் சின்னருக்கு, மூன்றாவது அல்கராஸுக்கு. நான்காவதில் சின்னர் 5-3 முன்னிலை, அல்கராஸ் சேர்வ் போடுகிறார், சைபர் நாற்பது. மூன்று சாம்பியன்ஷிப் பொயிண்ட், அதாவது அதில் ஒன்றை எடுத்தாலே சின்னருக்குக் கோப்பை. அந்த நேரம் பார்த்து மழை கொட்டி டிஷ்ஷில் சிக்னல் போய்விட்டது.

கூட்டாளி குடையை எடுத்துக்கொண்டு "சரி மச்சான், உன் ஆள் அடிச்சிட்டான்" என்று கிளம்பிவிட்டான். நான் வட்ஸ்அப்பில் சின்னர் படத்தைப் போட்டு, சாம்பியனுக்கு வாழ்த்து என்று எழுதி, மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். ஸ்கோரைப் போனில் ஒருமுறை பார்ப்போம் என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு நிச்சயம். கொஞ்ச நேரம் கழித்துப் படம் திரும்பி வந்தால் ஐந்தாவது செட் ஓடிக்கொண்டிருக்கிறது! பழைய ஆட்டம் எதையோ போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நள்ளிரவு தாண்டி, 5 மணி 29 நிமிடத்தில், செட் 6-6 என்று சமமானதால் ஆடிய கடைசி டைபிரேக்கை 10-2 என்று எடுத்து அல்கராஸ் வென்றார். விடிந்ததும் வாசலில் ஆட்டோ ஹார்ன். "மச்சான், வாழ்த்து போட்டியே, யாருக்கு?"

நான் சும்மா விடவில்லை. அந்த ஆட்டத்தில் மொத்தம் எடுத்த பொயிண்ட் கணக்கைப் பார்த்தால் சின்னர் 193, அல்கராஸ் 192. தோற்றவர்தான் ஒன்று கூட எடுத்திருக்கிறார். டவுனில் தேத்தண்ணிக் கடையில் வைத்து இதைச் சொன்னபோது கூட்டாளி ஒரே போடாகப் போட்டான்: "கொழுந்து நிறுக்கிற மாதிரி டென்னிஸை நிறுக்காதே மச்சான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. டென்னிஸில் எல்லா பொயிண்டும் ஒரே எடை இல்லை. பதினைந்து நிமிடம் சிரமப்பட்டு எடுத்த கேமும் சைபரில் எடுத்த கேமும் ஒரே கணக்கு. சராசரி நாளில் சின்னரின் ஆட்டம்தான் மேல் என்று இப்போதும் சொல்வேன், அந்த பேக்ஹேண்ட் வேகமும், சேர்வைத் திருப்பி அடிக்கிற விதமும் வேறு யாரிடமும் இல்லை. ஆனால் கழுத்தில் கத்தி வைத்த நேரத்தில் அல்கராஸ் பயந்து ஒதுங்குவதில்லை. எல்லோரும் பந்தை உள்ளே போட்டால் போதும் என்று நினைக்கும் இடத்தில் அவர் வலையைத் தாண்டியதும் விழுகிற மாதிரி மெல்லத் தட்டி டிரொப் ஷொட் போடுவார். அதற்கு முன்பு இரண்டு செட் பின்னால் இருந்து அவர் ஒருமுறைகூட வென்றதில்லை, முதல் தடவையே இப்படி ஓர் இறுதியாட்டத்தில்.

அப்படியென்றால் நான் ஏன் கட்சி மாறவில்லை? ஐந்தே வாரத்தில், ஜூலை 13, விம்பிள்டன் இறுதியாட்டம், அதே இரண்டு பேர். சின்னர் முதல் செட்டை 4-6 என்று விட்டதும் பாரிஸில் பிரெஞ்சு ஓபனில் நடந்ததுதான் மறுபடியும் என்று நினைத்தேன். அடுத்த மூன்று செட்டும் சின்னருக்கு, 6-4, 6-4, 6-4. கையில் இருந்த கோப்பையை அப்படிப் பறிகொடுத்தால் நானெல்லாம் ஒரு வருஷத்துக்கு மட்டையைத் தொட மாட்டேன். (நான்காம் சுற்றில் டிமிட்ரோவ் இரண்டு செட் முன்னால் இருந்தபோது காயத்தால் விலகியது சின்னரின் அதிர்ஷ்டம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.) அப்புறம் அமெரிக்க ஓபன் இறுதியாட்டத்தில் அல்கராஸ் 6-2, 3-6, 6-1, 6-4 என்று திருப்பிக் கொடுத்தார். தன் ஆட்டம் எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று சின்னரே பிறகு சொன்னார். சின்னரின் ஊக்கமருந்து விவகாரத்தை இழுப்பவர்களுக்கு: மூன்று மாதத் தடையை அவர் அனுபவித்து முடித்தார், வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பே ஏற்றுக்கொண்டது. அதோடு விடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அது டென்னிஸ் இல்லை. சின்னர் இத்தாலியின் வடக்கு மலையில், செஸ்டோ என்ற ஊர்க்காரர். உயரம் ஏறக்குறைய 1,300 மீட்டர், நம் ஹட்டன் மாதிரியே. அப்பா பனிச்சறுக்கு விடுதியில் சமையல் வேலை பார்த்தவர், அம்மா அங்கேயே பரிமாறியவர். அந்தப் பகுதியில் பேசுவது ஜெர்மன், அதனால் இவன் உண்மையான இத்தாலிக்காரனா என்று கேட்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இந்தியாவில் இருந்து இந்த மலைத் தோட்டங்களுக்கு வந்து 200 வருஷம் ஆன பிறகும் சொந்த ஊர் எது என்று கேட்கப்படுகிறவனுக்கு வேறு காரணம் வேண்டுமா? என் தாத்தா தோட்டத் துரை பங்களா டென்னிஸ் கோர்ட்டில் பந்து பொறுக்கிக் கொடுத்தவர், மட்டையைக் கையில் கொடுத்ததே இல்லையாம். இப்போது அந்த இடத்தில் லீக்ஸ் போட்டிருக்கிறார்கள்.

வருகிறவர்கள் விஷயத்திலும் எனக்கு இதே அளவுகோல்தான், தோற்ற பிறகு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். பிரேசிலின் ஃபொன்சேகா 18 வயதில் 2025 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் முன்னணி ஆட்டக்காரர் ருப்லேவை நேர் செட்டில் அடித்ததும் ஊரே கொண்டாடியது, அடுத்த சுற்றில் ஐந்து செட்டில் தோற்றார், மறுமாதமே புவனோஸ் அயர்ஸில் கோப்பை எடுத்தார். அந்த ஃபோர்ஹேண்டைப் பற்றிச் சந்தேகமே இல்லை. பிரான்சின் லோயிஸ் புவாசோன் தரவரிசையில் 361ஆம் இடத்தில் இருந்து பிரெஞ்சு ஓபன் அரையிறுதி வரை போனார், பிறகு விம்பிள்டன் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே வெளியே. களிமண்ணில் எழும்பும் பந்து புல்லில் எழும்பாது, அவரை இப்போதே தூக்கி வைப்பதும் தூக்கி எறிவதும் அவசரம்.

நான் பணம் வைப்பதாக இருந்தால் பிலிப்பைன்ஸின் அலெக்ஸாண்ட்ரா ஈலா மேல் வைப்பேன். 2025 மயாமி போட்டியில் ஒஸ்டாபென்கோ, கீஸ், ஷ்வியான்டெக் என்று மூன்று கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) சாம்பியன்களை அடித்தது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அது இல்லை. ஜூனில் ஈஸ்ட்போர்ன் இறுதியாட்டத்தில் நாலு சாம்பியன்ஷிப் பொயிண்டை விட்டுத் தோற்ற பிள்ளை, ஓகஸ்டில் அமெரிக்க ஓபன் முதல் சுற்றில் மூன்றாவது செட்டில் 1-5 பின்னால் இருந்து டென்மார்க்கின் டௌசனை வென்றது, அதுதான் எனக்குப் பிடித்தது.

கூட்டாளி நான் போட்ட அந்த வாழ்த்துப் படத்தை இன்னும் அழிக்கவில்லை. சின்னர் எங்கே தோற்றாலும் எனக்கு அனுப்புகிறான். அமெரிக்க ஓபன் முடிந்த விடியற்காலையில் முதலில் வந்த மெசேஜும் அதுதான்.