7-ம் பெட்டியில் இருப்பது எந்த எழுத்து?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன், வயது 41. பழைய கம்பெனியின் 401(கே) ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் கடன் வாங்கியிருந்தேன். தவணையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். சென்ற செப்டம்பரில் வேலை போனது, தவணையும் நின்றது. போன மாதம்தான் புது வேலை கிடைத்தது. அதற்குள் மீதி 14,200 டாலரை என் வருமானமாகக் காட்டி 1099-ஆர் படிவம் வந்துவிட்டது. கைக்கு வராத பணத்துக்கு வரியா? இப்போது கட்டினால் தப்பிக்கலாமா?

பதில்: கைக்கு வந்த பணம்தான், கடன் வாங்கிய அன்றே. கடன் என்பதால் அன்று வரி கேட்கவில்லை. திரும்பி வராததால் இன்று கேட்கிறார்கள். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, படிவத்தின் 7-ம் பெட்டியைப் பாருங்கள். 'எம்' இருக்கிறதா, 'எல்' இருக்கிறதா?

'எம்' என்றால் பிழைத்தீர்கள். வேலை போனதால், உங்கள் கணக்கு இருப்பிலேயே கடனைக் கழித்து முடித்துவிட்டார்கள் என்று பொருள். பழைய கம்பெனிக்கு இனி கட்ட வேண்டியது எதுவும் இல்லை. அதே 14,200 டாலரைச் சொந்தப் பணத்திலிருந்து ஒரு ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுகாலச் சேமிப்பு) கணக்கிலோ, ஏற்றுக்கொள்வார்கள் என்றால் புது கம்பெனியின் 401(கே)-யிலோ போட்டால் வரி கிடையாது. முன்பு இதற்கு 60 நாள்தான் அவகாசம். 2018 முதல், கடனைக் கழித்த ஆண்டுக்கான ரிட்டர்ன் தாக்கலின் கடைசி நாள் வரை: வழக்கமாக ஏப்ரல் 15, நீட்டிப்பு வாங்கினால் அக்டோபர் 15.

முழுத் தொகை புரளாவிட்டால் முடிந்ததைப் போடுங்கள். 9,000 போட்டால் மீதி 5,200-க்கு மட்டுமே வரி. எதுவுமே போடாமல் விட்டால், 22 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 3,124 டாலர் வரி. 59½ வயது ஆகாததால் கூடுதலாக 10 சதவீதம், அதாவது 1,420. ஆக 4,544.

பணம் போடும்போது 'ரோல்ஓவர்' (ஒரு ஓய்வுகாலக் கணக்கின் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றுவது) என்று சொல்லிப் போடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். சொல்லாவிட்டால் அது அந்த ஆண்டுக்கான புதுச் சேமிப்பாகப் பதிவாகி, ஆண்டு வரம்பை மீறிய குற்றத்துக்குத் தனியாக அபராதம் வரும். ரிட்டர்னிலும் ஓய்வூதியத்துக்கான கட்டத்தில் முழுத் தொகையைக் காட்டி, வரிக்குரியது பூஜ்யம் (எல்லாவற்றையும் போட்டிருந்தால்) என்று போட்டு, 'ரோல்ஓவர்' என்று குறிக்க வேண்டும்.

'எல்' என்றால் கதை வேறு. தவணை தவறியதால் கடன் பாக்கியையே நீங்கள் எடுத்த பணமாகக் கணக்கிட்டார்கள் என்று பொருள். தவணை தவறிய காலாண்டுக்கு அடுத்த காலாண்டு முடியும் வரை பொதுவாக அவகாசம் தருவார்கள். உங்களுக்கு அது டிசம்பர் 31-லேயே முடிந்திருக்கும். இதை ரோல்ஓவர் செய்ய முடியாது. இனிமேல் கட்டினாலும் அது வரி கட்டிய பணமாகக் கணக்கில் ஏறுமே தவிர, வந்த வரி போகாது. ஆனால் எழுத்தே தவறாக விழுந்திருக்கலாம். கடனை எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக முடித்தார்கள் என்று திட்ட நிர்வாகியிடம் எழுத்தில் கேளுங்கள். வேலை போனதால் இருப்பில் கழித்திருந்தால், திருத்திய படிவம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

வரி கட்டப் பணம் இல்லை என்று ரிட்டர்னைத் தள்ளிப் போடாதீர்கள். தாக்கல் செய்யாததற்கு அபராதம் மாதம் 5 சதவீதம். தாக்கல் செய்துவிட்டுப் பாக்கி வைத்தால் அரை சதவீதம்தான். பாக்கியைத் தவணையில் கட்ட, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.