கஞ்சாவை நிறுத்திய ஐந்தாம் நாள்

அன்புள்ள ஐயா,

வேறு யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். எட்டு ஆண்டுகளாகக் கஞ்சா புகைத்துவந்தேன். முதலில் இரவில் மட்டும், பிறகு பகலிலும். ஐந்து நாட்களுக்கு முன் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. கண்ணயர்ந்தால் பயங்கரக் கனவுகள். வியர்வையில் நனைந்து எழுகிறேன். உணவைப் பார்த்தாலே குமட்டுகிறது. மனைவியிடம் காரணமில்லாமல் சீறுகிறேன். கஞ்சாவுக்கு யாரும் அடிமையாவதில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்படியானால் எனக்கு என்ன நடக்கிறது? நான் இயல்பிலேயே பதற்றக்காரனா, கஞ்சாதான் என்னை இத்தனை நாள் ஒழுங்காக வைத்திருந்ததா? தூங்குவதற்காக மட்டும் இரவில் கொஞ்சம் புகைக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தூக்கமின்மையைவிட, 'நான் இயல்பிலேயே பதற்றக்காரனா' என்ற கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. கஞ்சாவை விட்டுத் திரும்பவும் அதனிடமே போனவர்கள் சிலரை நெருக்கமாக அறிவேன். உடல் வேதனையை அவர்கள் ஓரளவு தாங்கிக்கொண்டார்கள். ஆனால் முதல் வாரத்தில் கண்ணாடியில் தெரிந்த எரிச்சல் மிகுந்த, உறக்கமற்ற அந்த ஆளைத் தங்கள் உண்மை உருவம் என்று நம்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர்களுக்குக் கஞ்சா மருந்தாகிவிட்டது. நீங்கள் இப்போது அந்த இடத்தில் நிற்கிறீர்கள். தயவுசெய்து இந்த வாரத்தை வைத்து உங்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நடப்பது இதுதான். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி., மூளைச் செல்களில் வேதிச் செய்திகளைப் பெற்றுக்கொள்ளும் சில ஏற்பிகளில் சென்று ஒட்டுகிறது. அந்த ஏற்பிகள் கஞ்சாவுக்காக உருவானவை அல்ல. நம் உடலே அவற்றுக்கான பொருட்களைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்றான ஆனந்தமைடு 1992-இல் கண்டறியப்பட்டது. தூக்கம், பசி, அச்சம், வலி, நினைவு எல்லாவற்றிலும் இந்த அமைப்புக்குப் பங்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் வெளியிலிருந்து டி.எச்.சி. வந்து கொட்டும்போது, மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் நிறுத்திய அன்று வரத்தும் நின்றது, ஏற்பிகளும் குறைவாக இருந்தன. அதனால்தான் இந்த அமைப்பு கவனித்துவந்த வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தடுமாறுகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு தொல்லையும் அங்கிருந்து வருவது.

இந்த ஏற்பிகள் மீள்கின்றன. நாள்தோறும் புகைத்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், நிறுத்திய இரண்டு நாட்களிலேயே மீட்சி தொடங்கிவிடுவதும், ஏறக்குறைய நான்கு வாரங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுவதும் தெரிந்தன. நீங்கள் உறக்கமின்றிப் புரண்டுகொண்டிருக்கும் இந்த இரவுகளிலும் அந்த வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

அடிமையாவதில்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். நீண்ட காலம் மருத்துவ உலகிலும் அந்த எண்ணம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கஞ்சா விலகல் நிலையை, அதாவது கஞ்சாவை நிறுத்தும்போது வரும் இந்தத் தொல்லைகளை, தனியாகச் சேர்த்தது. டி.எச்.சி. உடற்கொழுப்பில் தங்கி மெதுவாகவே வெளியேறுவதால், தொல்லைகள் உடனே முகத்தில் அறைவதில்லை. ஓரிரு நாட்களில் தொடங்கி, முதல் வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானோருக்கு இரண்டு வாரங்களில் தணிகின்றன. நீங்கள் உச்சத்தில் இருக்கும்போது எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும். கஞ்சா கனவு காணும் உறக்கத்தை அமுக்கி வைக்கிறது. அதனால்தான் தொடர்ந்து புகைப்பவர்கள் தங்களுக்குக் கனவே வருவதில்லை என்கிறார்கள். நிறுத்தியதும் அந்த உறக்கம் அணை திறந்த வெள்ளம்போல வருகிறது. என் நண்பர் ஒருவருக்கு, பல ஆண்டுகளாக நினைவில் இல்லாத முகங்களெல்லாம் இரவுதோறும் வந்தன. தனக்குப் புத்தி பேதலிக்கிறது என்றே அவர் அஞ்சினார். சில வாரங்களில் கனவுகள் தாமாகவே மங்கின. மறுபடியும் புகைத்துவிட்டதாகவே கனவு வந்து பதறவைக்கலாம், அதற்கும் அஞ்ச வேண்டாம்.

இரவில் கொஞ்சம் புகைக்கலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. புகைத்தால் நிச்சயம் தூங்குவீர்கள். ஆபத்து அதில்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும், 'பார், இது இல்லாமல் என்னால் முடியாது' என்பதற்கு உங்கள் கையிலேயே ஒரு சாட்சி இருக்கும். படிப்படியாகக் குறைத்து விடுகிறவர்களும் உண்டு, அதுவும் நல்ல வழிதான். ஆனால் ஐந்து நாட்கள் கடந்த நீங்கள் அதற்காகத் திரும்பிப்போக வேண்டியதில்லை. கஞ்சாவுக்குப் பதிலாக மதுவைத் தொடவும் வேண்டாம். ஒரு பழக்கத்தின் இடத்தில் இன்னொன்று குடியேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கஞ்சாவுடன் புகையிலை கலந்து புகைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கலந்திருந்தால், இப்போது நீங்கள் விட்டுக்கொண்டிருப்பது இரண்டு பொருட்களை. எரிச்சலில் பெரும்பங்கு நிகோடினுடையதாக இருக்கலாம். அதற்குத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டைகள் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். கஞ்சா விலகலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து இல்லை. ஆனால் தேர்ந்த மனநல ஆலோசகரிடம் தொடர்ந்து பேசுவது உண்மையாகவே பயன் தருகிறது.

மற்றபடி செய்ய வேண்டியவை எளியவை. பசிக்காவிட்டாலும் சிறிது சிறிதாக உண்ணுங்கள். உடல் களைக்கும்வரை நடங்கள். எவ்வளவு நேரம் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். பிற்பகலுக்குப் பின் காபி வேண்டாம். புகைக்கும் வேட்கை எழும்போது அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அது ஏறி, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும்.

மற்றொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இறந்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, எல்லோரும் உங்களுக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றினாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நாள்தோறும் மது அருந்தும் வழக்கமும் இருந்தால், அதை மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தக் கூடாது. கஞ்சா விலகல் பொதுவாக உயிருக்கு ஆபத்தானது அல்ல, ஆனால் மது விலகல் வலிப்பில் கொண்டுபோய்விடக்கூடும்.

உங்கள் மனைவிக்கு இவற்றில் எவ்வளவு தெரியும் என்று கடிதத்தில் இல்லை. காரணம் தெரியாமல் உங்கள் சீற்றத்தைத் தாங்குவது அவருக்குக் கொடுமை. இன்றே சொல்லுங்கள். எரிச்சல் தலைக்கேறும்போது எழுந்து வெளியே போவேன், அது கோபித்துக்கொண்டு போவதல்ல என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆறு வாரங்கள் கழித்தும் பதற்றம் குறையவில்லை என்றால், கஞ்சாவுக்கு முன்பே உங்களிடம் ஏதோ இருந்திருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. அதுவரை உங்கள் கேள்விக்கு விடை தேடாதீர்கள். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். இடையில் ஒரு நாள் சறுக்கிப் புகைத்துவிட்டாலும் எழுதுங்கள்.

அன்புடன்.