போர்டு மறைந்திருந்தது சரி, பஸ் ஸ்டாப் எத்தனை அடியில் இருந்தது?

கேள்வி: இளைய மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி, ஏற்கெனவே ஏழெட்டு கார்கள் நின்ற வரிசையில் என் காரையும் நிறுத்தினேன். திரும்பி வந்தால் ஒரு காவலர் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். ‘நோ பார்க்கிங்’ போர்டு புங்கமரக் கிளைக்குள் இருக்கிறது. போதாததற்கு அதன்மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறது. ரோட்டோரம் மஞ்சள் கோடு இருந்ததாம்; குழாய்க்குத் தோண்டி மூடியதில் பாதிக்கு மேல் காணோம். இதைச் சொன்னதற்கு, பேரக்குழந்தை முன்னாலேயே மரியாதையில்லாமல் பேசினார். மாலையே 500 ரூபாய்க்கு இ-சலான் வந்துவிட்டது. 34 வருடம் அரசு வேலை பார்த்தவன் நான், இதுவரை அபராதம் கட்டியதில்லை. பணம் பெரிதல்ல, நியாயம் வேண்டும். நுகர்வோர் கோர்ட்டா, மனித உரிமை ஆணையமா, எங்கே போகலாம்? (இந்தக் காரை அடுத்த மாதம் விற்பதாகப் பேசியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.)
— ஒரு வாசகர், சென்னை

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த நான்கு பக்கத்திலும் வழக்குக்கு வேண்டியது ஐந்தே வார்த்தை: “பஸ் ஸ்டாப்பைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி.” நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அங்கேதான் நின்றுவிட்டேன்.

மற்றதையெல்லாம் முதலில் ஓரம் கட்டிவிடலாம். பக்கத்துக் கார்க்காரர் தப்பித்தது உங்கள் வழக்கில் சாட்சியமாகாது. “அவனையும் பிடி” என்று நீதிபதியிடம் கேட்க முடியாது. உங்கள் 34 வருட சர்வீஸை எழுத சலானில் கட்டம் கிடையாது. அபராதம் போடுவது விற்பனையும் இல்லை, சேவையும் இல்லை. ஆகவே நுகர்வோர் கோர்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். காவலர் பேசிய விதம் தவறாகவே இருக்கலாம். அதை அவருடைய மேலதிகாரிக்குத் தனி மனுவாகக் கொடுங்கள், சலானோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சேர்த்தால் இரண்டும் கெடும்.

இப்போது அந்த ஐந்து வார்த்தைக்கு வருகிறேன். வண்டி நிறுத்துவதற்கான தடை இரண்டு வகை. ஒன்று, போர்டு வைத்து வருகிற தடை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 119 கட்டாயக் குறியீட்டுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. எது கட்டாயக் குறியீடு என்பதும் அங்கேயே இருக்கிறது: சட்டத்தின் முதல் அட்டவணை ‘ஏ’ பகுதியில் உள்ள குறி, அல்லது அதே மாதிரியான, சிவப்பு விளிம்போ சிவப்புத் தளமோ கொண்ட வட்டத் தகடு. அதுவும் பிரிவு 116-இன்படி அதிகாரம் உள்ளவர் வைத்ததாக இருக்க வேண்டும். கடைக்காரர் பூந்தொட்டியில் பெயிண்டால் எழுதி வைத்த “வண்டி நிறுத்தாதே” இதில் சேராது. இந்த வகைத் தடையில், போர்டு மரத்துக்குள் இருந்தது, கோடு அழிந்துவிட்டது என்று நீங்கள் சொல்வதற்கு மதிப்பு உண்டு. கவனமாக ஓட்டுகிறவர் கண்ணுக்கும் படாத குறியை மீறினார் என்று ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என வாதாட இடமிருக்கிறது.

இரண்டாவது வகைக்குப் போர்டே தேவையில்லை. 2017-ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சில இடங்களில் வண்டி நிறுத்தவே கூடாது என்கின்றன. சாலைச் சந்திப்பு, நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பஸ் நிறுத்தம், அடுத்தவர் வாசலை மறிக்கும் இடம் எல்லாம் அதில் வரும். இங்கே அரசாங்கம் குறி வைத்ததா, குறி தெரிந்ததா என்ற கேள்வியே எழாது. லைசென்ஸ் வாங்கியவருக்கு இது தெரியும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம்.

ஆகவே உங்கள் கார் பஸ் ஸ்டாப்புக்கு அருகில் நின்றிருந்தால், புங்கமரம், போஸ்டர், மஞ்சள் கோடு மூன்றும் வீண். உங்கள் “கொஞ்சம் தள்ளி” எத்தனை அடி? நாளைக்குக் காலையில் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். நிழற்குடையிலிருந்து அளந்தால் மட்டும் போதாது. பஸ் உண்மையில் எங்கே வந்து நிற்கிறது, ஜனம் எங்கே ஏறுகிறது என்று பத்து நிமிஷம் நின்று கவனியுங்கள். நம் ஊரில் நிழற்குடை ஓரிடத்தில் இருக்கும், பஸ் நிற்பது வேறிடத்தில். காவலர் அந்த இரண்டாவது இடத்தைத்தான் சொல்வார்.

அளக்கும் முன்னால் யாருக்கும் ஒரு வரி எழுதாதீர்கள். இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் பள்ளம் இதுதான். ஒருவர் என்னிடம் வருவதற்கு முன்பே ஆன்லைனில் ஆட்சேபணை போட்டுவிட்டு வந்தார். அவரே மிகவும் ரசித்து எழுதிய மனு. போர்டு இல்லை என்பதைப் பத்து வரியில் நிரூபித்திருந்தார். கடைசி வரி இப்படி: “அம்மாவுக்கு மாத்திரை வாங்க, பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக்கடையில், பத்தே நிமிடம்தான் நிறுத்தினேன்.” காவலர் எடுத்த போட்டோவில் இருந்தது நம்பர் பிளேட்டும் பின் சக்கரமும்தான். பஸ் ஸ்டாப் அதில் இல்லவே இல்லை. போலீஸ் தரப்பு நிரூபிக்கத் திணறியிருக்க வேண்டிய இடத்தை இவர் தன் கையெழுத்தில் கொடுத்துவிட்டார். ‘பத்து நிமிடம்தான்’ என்பதை அவர் சமாதானமாக நினைத்து எழுதினார். சட்டத்தில் அது நிறுத்தினேன் என்ற ஒப்புதல். உங்கள் நான்கு பக்கத்தை நீங்கள் வேறு எங்கும் அனுப்பவில்லை என்று நம்புகிறேன்.

இதே பள்ளம் கோர்ட் ஹாலிலும் இருக்கிறது. சலானை மறுத்து வழக்கை நடுவர் நீதிமன்றம் வரை கொண்டுபோவார்கள். பெயர் கூப்பிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டதும், கையைக் கட்டிக்கொண்டு “தெரியாம நிறுத்திட்டேங்கய்யா” என்பார்கள். மரியாதைக்காகச் சொன்ன வார்த்தை. அங்கே அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள். வழக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதோடு, இந்த வகைக்குப் பொதுவாகப் போடும் பிரிவு 177-இல், முதல் தடவை 500 ரூபாய் வரை என்றால் அடுத்த தடவைக்கு 1,500 ரூபாய் வரை. அந்த அரை நிமிடத்தில் உங்கள் ‘முதல் தடவை’ செலவாகிவிடும். உங்கள் சலானிலும் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை.

சரி, அளந்து பார்த்தீர்கள், பஸ் ஸ்டாப் நல்ல தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த ஒரு போர்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தெருவின் ஆரம்பத்திலிருந்து, நீங்கள் கார் ஓட்டி வந்த திசையிலேயே நடந்து வாருங்கள். தெரு தொடங்கும் இடத்தில் ஒரு போர்டு பளிச்சென்று நிற்கும். மரத்துக்குள் இருப்பது நடுவில் உள்ள இரண்டாவது போர்டாக இருக்கும். ஒரு கட்சிக்காரருக்காக மறைந்த போர்டின் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு நானே கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன். எதிர்த்தரப்பு முப்பதடி பின்னால் இருந்த முதல் போர்டின் படத்தை நீட்டியது. அந்தத் தெருவை நானும் போய்ப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கட்சிக்காரரை நடக்க வைக்காமல் வக்காலத்து வாங்குவதில்லை.

போட்டோவை இன்றைக்கே எடுத்து வையுங்கள். கிளையை வெட்டிப் போர்டைத் துடைத்துவிட்டார்கள் என்றால் உங்கள் வழக்கும் அதோடு போயிற்று. நின்ற உயரத்தில் எடுக்காமல், டிரைவர் சீட்டின் கண் மட்டத்தில், சலானில் உள்ள அதே நேரத்தில் எடுங்கள். போனில் எடுத்த படத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். அதனால் மூலப் படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த நகலை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அந்தத் தெருவைத் தடைப் பகுதியாக்கிய உத்தரவு எது, கோடு கடைசியாக எப்போது போடப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும், அதுவரை சலான் காத்திருக்காது. உத்தரவு ஒழுங்காக இருந்து, அதன் நகல் உங்கள் கைக்கே வந்து சேரவும் வாய்ப்புண்டு. அதற்கும் தயாராக இருங்கள்.

“இப்போதைக்கு எதிர்ப்போடு கட்டிவிட்டு அப்புறம் கேஸ் போடுகிறேன்” என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்கிறார்கள். சலானைக் கட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 200-இன்படி குற்றத்தை இணக்கமாக முடித்துக்கொள்வது. கட்டிய நிமிடத்தில் விவகாரம் முடிந்தது. எதிர்ப்போடு கட்டுகிறேன் என்று குறிக்க, பணம் கட்டும் தளத்தில் பொத்தான் இல்லை. ஒன்று கட்டுங்கள், இல்லை எதிர்த்து நில்லுங்கள்.

கோபத்தில் அந்தக் காவலரைத் தேடிப் போய் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே கேள்வி கேட்கும் எண்ணம் இருந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள். கைகலப்பு என்று அவர் எழுதிவிட்டால் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 132, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குவது. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் நீங்கள். 500 ரூபாயில் ஆரம்பித்ததை அங்கே கொண்டுபோய் முடிக்காதீர்கள்.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்தக் கார் விற்பனை. சம்பந்தம் இருக்கிறது ஐயா. வண்டி விவரத்தைப் போட்டால் நிலுவைச் சலான் தெரிந்துவிடும். வாங்க வருகிறவர் டீ ஆறுவதற்குள் போனில் பார்த்துவிடுவார். ஆர்.சி. பெயர் மாற்றமும் அங்கேதான் சிக்கும். எதிர்க்கிறேன் என்று நீங்கள் சொன்னால் வழக்கு கோர்ட் வரை போகும், வாய்தா வாய்தாவாக நடக்கும். அடுத்த மாதத்துக்குள் முடிவதற்கு வழியே இல்லை. அட்வான்ஸ் கொடுத்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஒரு வாய்தாவுக்கு வந்துபோகிற ஆட்டோ செலவே 500-ஐ நெருங்கும், என் ஃபீஸைப் பற்றி நான் பேசவே இல்லை.

என் முடிவைக் கேட்டால், கார் அடுத்த மாதம் கைமாறுவது உறுதி என்றால் இன்றைக்கே கட்டிவிடுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த லிங்கைத் தொடாமல், அரசின் பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுக் கட்டுங்கள். அதே மாதிரி செய்தி அனுப்பிப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். விற்பனையைத் தள்ளிப்போட முடியும், பஸ் ஸ்டாப் தூரத்தில் இருக்கிறது, தெரு முனையில் வேறு போர்டு இல்லை, சலான் போட்டோவில் சுற்றுப்புறம் எதுவும் இல்லை — இந்த நான்கும் சேர்ந்தால் வாருங்கள், நடத்தலாம். ஒன்று குறைந்தாலும் நான் வக்காலத்து போட மாட்டேன்.

மரக்கிளையையும் போஸ்டரையும் பற்றி மாநகராட்சிக்குத் தாராளமாகப் புகார் கொடுங்கள். ஆனால் கட்டுவதா நடத்துவதா என்று முடிவு செய்து, படமும் எடுத்த பிறகு கொடுங்கள். அந்தப் புகாரில் உங்கள் சலான் எண்ணையும் எழுத வேண்டாம், அன்றைக்கு நீங்கள் அங்கே புடவை எடுக்க வந்திருந்ததையும் எழுத வேண்டாம்.