டெக்சஸ் நிலத்துக்கு விவசாய மதிப்பீடு: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. ஹூஸ்டனில் நானும் மனைவியும் மென்பொருள் வேலையில் இருக்கிறோம். நாங்களே விவசாயம் செய்யாமல், வாங்கப்போகும் நிலத்துக்கு விவசாய மதிப்பீடு கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். சொத்து வரிக்காக நிலத்தைச் சந்தை மதிப்பில் அல்லாமல், குறைவான விவசாய மதிப்பில் கணக்கிடுவதே இது. டெக்சஸ் அரசமைப்பில் 1978இல் சேர்க்கப்பட்ட 1-டி-1 விதி, உரிமையாளரின் தொழிலைப் பார்ப்பதில்லை. நிலத்தின் பயன்பாட்டையே பார்க்கிறது. முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகளாவது நிலம் முதன்மையாக விவசாயத்துக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். இப்போதும் அவ்வட்டார வழக்கத்துக்கு ஏற்ற அளவில் விவசாயம் நடக்க வேண்டும். மாடு மேய்ப்பவருக்குக் குத்தகைக்கு விடுவதும் செல்லும். ஆனால் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டுக்கு எத்தனை ஏக்கர் என்ற கணக்கு, மழை பெய்யும் கிழக்கில் குறைவாகவும் வறண்ட மேற்கில் அதைப் போலப் பல மடங்காகவும் இருப்பதால், உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மதிப்பீட்டு அலுவலகத்தின் வழிகாட்டியை நிலம் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

கேள்வி: விற்றவருக்கு இந்த மதிப்பீடு இருந்தது. எனக்கும் தொடரும்தானே?

பதில்: தொடராது. நிலத்தின் விவசாய வரலாறு உங்களுக்குக் கைகொடுக்கும். அவருடைய விண்ணப்பம் கைகொடுக்காது. ஏப்ரல் 30க்குள் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். தவறவிட்டால், அவ்வாண்டின் மதிப்பீட்டுப் பட்டியலை மறுஆய்வுக் குழு ஏற்கும் வரை விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம் விழும்.

கேள்வி: சரியாக 5 ஏக்கர் வாங்கி, வீடு கட்டி, தேனீ வளர்க்க எண்ணுகிறோம். போதுமா?

பதில்: போதாது. தேனீக்கு ஒதுக்கிய நிலம் 5 ஏக்கருக்குக் குறையாமலும் 20 ஏக்கருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீடும் முற்றமும் நிற்கும் பகுதி தனியே பிரிக்கப்பட்டுச் சந்தை மதிப்பில் கணக்கிடப்படும். அது ஒரு ஏக்கர் என்றால் தேனீக்கு மிஞ்சுவது 4 ஏக்கர்தான். விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும். ஆறு ஏக்கருக்கு மேல் பாருங்கள். முதல் 5 ஏக்கருக்கு 6 பெட்டிகள் கேட்பது பல கவுண்டிகளின் வழக்கம்.

கேள்வி: நான் மாடு வளர்ப்பவன். ஆறு பெட்டியை வைத்துவிட்டு வரியைக் குறைப்பது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. மகரந்தச் சேர்க்கைக்கோ விற்பனை மதிப்புள்ள பொருளுக்கோ தேனீ வளர்ப்பதைச் சட்டமே விவசாயம் என்று ஏற்றிருக்கிறது. வெறும் பெட்டியை அடுக்கிவைப்பதுதான் ஏமாற்று.

கேள்வி: மாட்டுக்காரர் மட்டும் யோக்கியமா? வேலியோரம் இரண்டு கிழட்டு மாட்டைக் கட்டிவைத்து மதிப்பீடு வாங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பதில்: நானும் பார்த்திருக்கிறேன். வட்டார வழக்கத்துக்கு ஏற்ற அளவு என்ற நிபந்தனை இரு தரப்புக்கும் பொருந்தும். மதிப்பீட்டாளர் நேரில் வந்தால் மேய்ந்த புல்லையும், வேலியையும், தண்ணீர்த் தொட்டியையும் பார்ப்பார். பெட்டியில் தேனீ போய்வருகிறதா என்றும் பார்ப்பார். இந்த வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

கேள்வி: தேன் விற்ற பணத்துக்கு வருமான வரி உண்டா?

பதில்: அது உங்கள் கணக்காளரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: நிலத்தை என் சொந்த எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பெயருக்கு மாற்றினேன். பழைய விண்ணப்பமே போதுமல்லவா?

பதில்: பெயர் மாறினால் உரிமையாளர் மாறினார் என்றே பொருள். மேலே சொன்னதுதான்: ஏப்ரல் 30.

கேள்வி: வறட்சியில் மாடுகளை விற்றுவிட்டேன். மதிப்பீடு போய்விடுமா?

பதில்: ஆளுநர் உங்கள் பகுதியை வறட்சிப் பகுதியாக அறிவித்திருந்து, வறட்சி தீர்ந்ததும் மீண்டும் தொடங்கும் எண்ணமும் உங்களுக்கு இருந்தால், இடைநிறுத்தத்தால் மட்டும் தகுதி போகாது. மாடு விற்ற ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: பிற்காலத்தில் மனை பிரித்து விற்றால்?

பதில்: விற்பனையால் மட்டும் சுமை வராது, பயன்பாடு மாறினால்தான் வரும். அப்போது, மாறிய பகுதிக்கு மட்டும், முந்தைய 3 ஆண்டுகளில் விவசாய மதிப்பால் மிச்சமான வரியைக் கட்ட வேண்டும். முன்பு இது 5 ஆண்டுகளாக இருந்தது. 2019இல் குறைத்தார்கள், 2021இல் வட்டியையும் நீக்கினார்கள். இதை யார் கட்டுவது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.