கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையில் வருகிறார் என்று குழந்தைகளை நம்ப வைக்கலாமா?

நம்ப வைக்கலாம், ஆனால் குழந்தை ஐயுற்றுக் கேட்கத் தொடங்கிய பிறகும் அந்த நம்பிக்கையைக் கட்டிக்காக்க முயலக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்டர்சனும் பிரென்டிஸும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் பொதுவாக 7 வயதையொட்டித் தாங்களாகவே உண்மையைக் கண்டறிந்து அதை நல்லவிதமாக ஏற்றுக்கொண்டதும், பெற்றோரே வருந்தியதும் தெரியவந்தன. ஒரே இரவில் எல்லா வீடுகளுக்கும் எப்படிப் போவார் என்று கேட்கும் குழந்தை காரண காரியத்தை ஆராயப் பழகுகிறது, அப்போது "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பது நல்லது, பொய்ச் சான்றுகளை உருவாக்குவது நல்லதன்று. நேரடியாகவே கேட்டுவிட்டால், இன்றைய துருக்கியிலுள்ள மைராவில் நான்காம் நூற்றாண்டில் கிறித்தவ ஆயராக (பிஷப்) இருந்த புனித நிக்கோலாசிடமிருந்து இம்மரபு வளர்ந்ததைச் சொல்லலாம். குறும்பு செய்தால் பரிசு கிடைக்காது என்று மிரட்டுவதை மட்டும் எந்த வயதிலும் ஏற்க முடியாது. ஏழை வீட்டுக் குழந்தை, பரிசு வராததைத் தன் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும்.