ஒரே ஏரியில் மண்டலப் போட்டி நியாயமா?

ஃப்ளோரிடாவிலிருந்து போட்டிக்குச் செல்லும் ஒருவரின் கேள்வி இது. ஒருமுறை நடந்தால் நியாயம்தான். நீங்கள் சொல்வதுபோல் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் மண்டலப் போட்டி ஆண்டுதோறும் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியிலேயே என்றால், ஃப்ளோரிடாவிலிருந்து வரும் உங்களுக்கு அது அநீதியே.

காரணம் பெரும்பாலும் பாரபட்சமாக இருக்காது. ஏராளமான படகுகளை இறக்கும் வசதி, டிரெய்லர் நிறுத்துமிடம், விடுதிகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுமார் 69,000 ஏக்கர் நீர்ப்பரப்பு. அமைப்பாளர்கள் இதைத்தான் பார்ப்பார்கள்.

புகார் எழுதுமுன் பழைய முடிவுகளை எடுங்கள். முதல் பத்து இடங்களில் உள்ளூர்க்காரர்களின் பங்கு, மொத்தப் போட்டியாளர்களில் அவர்களின் பங்கைவிட மிக அதிகமா? அதிகமென்றால், வெவ்வேறு ஏரிகளில் மாறி மாறி நடத்தும் சுழற்சி முறையோடு, போட்டிக்கு முன் ஏரியில் பயிற்சிக்குத் தடை விதிக்கும் காலத்தை நீட்டிக்கவும் கேளுங்கள்.

அந்தத் தடையும் முழுத் தீர்வல்ல. ஹைட்ரில்லா என்னும் நீர்த்தாவரம் எங்கே அடர்ந்து வளரும், ஏரிக்கு அடியில் டென்னசி ஆற்றின் பழைய தடம் எங்கே வளையும் என்று ஆண்டுக்கணக்கில் அறிந்தவரின் சாதகத்தை எந்த விதியும் பறிக்காது.