பங்க் மாற்றியதும் பைக் மைலேஜ் குறைவது பற்றி

வேறு நிறுவனத்தின் பங்குக்கு மாறியதும் உங்கள் பைக்கின் மைலேஜ் லிட்டருக்கு 48 கி.மீ.யிலிருந்து 45 ஆகிவிட்டது என்கிறீர்கள். அதற்கு நிறுவனத்தின் பெயர் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் ஒரே பிஎஸ் 6 என்ற எரிபொருள் தரத்துக்கு உட்பட்டவை என்பதோடு, சில இடங்களில் ஒன்றின் கிடங்கிலிருந்தே மற்றொன்றின் டேங்கர் லாரியும் நிரப்பிச் செல்கிறது.

எனக்கு அந்தக் குறிப்பிட்ட பங்கின் அளவின் மீதுதான் சந்தேகம். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் விடாதீர்கள், கேட்பது உங்கள் உரிமை. அளவு சரியென்றால், கலப்படம் உண்டா என்று அறிய வடிதாளில் (ஃபில்டர் பேப்பர்) ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் கறையின்றி ஆவியாக வேண்டும்.

ஆனால் ஒரு டேங்க் கணக்கை வைத்து, அதுவும் மீட்டர் முள்ளை நம்பி, முடிவுக்கு வர வேண்டாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜில் சிறு குறைவு எந்த பங்கிலும் இருக்கும்.